கூறைப்புடவையில் இறங்கிய துறைமுகம்

கப்பலுக்குப் பெட்டி கட்டிய கதையைச் சொல்லு என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பினாங்கு வரைக்கும் சொல்லவேண்டி வரும் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நானாகவே எழுதிவைக்கிறேன்.

எனக்குத் திண்டிவனத்து மாப்பிள்ளை. பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் கணக்குப்பிள்ளை. லீவில் வந்தான், தாலி கட்டினான், கட்டிய மஞ்சள் கயிற்றின் ஈரம் காயுமுன்னே கப்பல் ஏறிப் போய்விட்டான். மரியாதையாக 'போய்விட்டார்' என்றுதான் எழுதவேண்டும். கை வரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு சில வருஷங்கள் நான் எந்த வீட்டுக்காரி என்றே தெரியாமல் அலைந்தேன். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் திண்டிவனத்தில் மாமியார் வீடு. மற்ற நாளில் விழுப்புரத்தில் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ். இதற்குள் அவனுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று பேச்சு கிளம்பி கண்டாச்சிபுரம் சந்தை வரைக்கும் போய்விட்டது. அம்மா குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அப்பா சாது. பாயின்ட்ஸ்மேன் வேலை, ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிற மனிதர், வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரே ஒரு நாள் கெடாரிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய், சம்பந்தி வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"எம் பொண்ண கூப்ட்டுக்கினு போறானா, இல்ல அத்து வுடறானா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க உங்க புள்ளைய!"

மாமியார் வெலவெலத்துப் போனாள். அவள் மகனுக்கு என்ன எழுதிப் போட்டாளோ, அழைப்புக் காகிதமும் டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. கூடவே, லீவில் வந்த அவன் சிநேகிதன் ஒருவன் வாய்வழியாகவும் சேதி கொண்டுவந்தான். "பட்டுப்புடவ கிட்டுப்புடவ ஒண்ணும் வாணாம்னாரு. அங்க ஒரே புழுக்கம். நூல் புடவ ரெண்டு மூணு போதும்னு சொல்லச் சொன்னாரு."

"பாத்தியா, இன்னா கரிசனம்!" என்றாள் மாமியார். நானும்தான் நினைத்தேன், கரிசனம் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

ஆனால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் முதல்முதலாகப் புருஷன் வீட்டு வாசலை மிதிக்கும்போது கூறைப்புடவை கட்டியிருக்கவேண்டும். தாலி கட்டும்போது கட்டியிருந்த அதே அரக்குப் பட்டு. அதுதான் அவளுக்குச் சாட்சி. நான் திண்டிவனத்து வாசலைக் கூறையோடு மிதித்தவள்தான். அம்மாவுக்கு அது கணக்கில் சேரவில்லை; அவன் இருக்கிற இடம்தான் புருஷன் வீடு.

"கூறையோட எறங்குடி," என்றாள். "நாலு பேரு பாக்கட்டும். அப்புறம் எவ இருந்தாலும் இவதான் பொண்டாட்டின்னு ஊருக்குத் தெரிஞ்சிபூடும். அவனே நெனச்சாலும் இல்லன்னு சொல்ல முடியாது."

எனக்கு அது பிடித்துவிட்டது. அவனோடு வாழவேண்டும் என்ற ஆசைகூட அப்போது அவ்வளவாக இல்லை. முகமே பாதி மறந்துபோயிருந்தது. இன்னார் பெண்டாட்டி என்று நாலு பேர் பார்க்க ஒரு இடத்தில் இறங்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது நடந்துவிட்டால் மற்றது எப்படியாவது போகட்டும் என்றிருந்தேன்.

பெட்டி கட்ட மாமியார் திண்டிவனத்திலிருந்து சாக்குமூட்டையோடு வந்து இறங்கினாள். மகனுக்கு வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு, புளி, எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. எல்லாம் என் தகரப்பெட்டிக்குள் போகவேண்டுமாம். அம்மா புடவையை வைப்பாள். மாமியார் அதை எடுத்துவிட்டு மல்லாட்டையை வைப்பாள். "பட்டு வாணாம்னு எம் புள்ள படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்பிச்சிருக்கான், இன்னா பேஜாரு பண்றீங்க?" என்று அவள் கத்த, "உங்க புள்ள மல்லாட்டையயா கட்டிக்கினான்?" என்று அம்மா திருப்பிக் கேட்க, அப்பா தண்டவாளத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

கடைசியில் அம்மா ஜெயித்தாள். பெட்டி கப்பலுக்கு அடியில் போய்விடும், நடுவில் திறக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்ததால், கூறையை வெள்ளை வேட்டியில் சுற்றி என் கையிலேயே கொடுத்தாள். உள்ளே முந்தானை ஓரத்தில் கல்யாணத்தன்று தடவிய மஞ்சள் மங்காமல் இருந்தது. விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையைத்தான் பார்த்தாள். "கைய வுட்டுறாதடி" என்றாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏறவேண்டும். ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் கயிறு. எங்களுக்கு மேல்தட்டில் வெறும் பலகை, மேலே தார்ப்பாய். பாயை விரித்தால் அதுதான் வீடு. படுத்த மறுநாளே எல்லோருக்கும் வாந்தி. புடவைமேல் படாமல் இருக்க மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பக்கத்துப் பாயில் கோட்டக்குப்பத்து முஸ்லிம் அக்கா ஒருத்தி. அவளும் புருஷனிடம்தான் போனாள். வாயாடி, ஆனால் தங்கமான மனுஷி. நான் சாப்பிடாமல் கிடந்தால் வாயில் ரொட்டியைத் திணிப்பாள். மூட்டையில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஏன் கையை விட்டு இறக்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

கரை தெரிந்த அன்று காலையில் தட்டே கல்யாண வீடாகிவிட்டது. அத்தனை நாளும் வாடி வதங்கிக் கிடந்த பெண்கள் எல்லோரும் எழுந்து தலை வாருகிறார்கள், பவுடர் பூசுகிறார்கள். ஆண்கள் பெட்டியடியில் வைத்திருந்த கோட்டை எடுத்து உதறுகிறார்கள். குளிக்க உப்புத்தண்ணீர்தான். சோப்பு நுரைக்காமல் உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மறைவுக்கு நாலு பெண்கள் போர்வைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒவ்வொருத்தியாகப் போய்க் கட்டினோம்.

"ஜல்தி கட்டு தங்கச்சி, கை நோவுது!" என்று அக்கா வெளியிலிருந்து அதட்டினாள். கப்பல் ஆட்டத்தில் கொசுவம் நழுவி நழுவி விழுந்தது. அவளே உள்ளே வந்து முட்டிபோட்டு மடிப்பை நீவிச் செருகிவிட்டாள். தலைக்குத்தான் பூ இல்லை. வெறுந்தலையோடு கூறை கட்டியது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அக்கா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எவன் இல்லன்னுவான்?" என்றாள்.

பினாங்கில் காகிதம் பார்க்கிற கொட்டகையில் அவன் நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். மேஜையில் இருந்த அதிகாரி என்னைக் காட்டி ஏதோ கேட்க, அவன் இங்கிலீஷில் "ஒய்ஃப்" என்றான். எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என் புடவையைப் பார்த்தார்கள். அம்மா, பாரும்மா என்று உள்ளுக்குள் கத்தினேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை.

கொட்டகையைத் தாண்டியதும் அவன் பெட்டியை இறக்கி வைத்தான். அப்போதுதான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நூல் புடவ போதும்னு சொல்லி அனுப்ச்சேன் இல்ல?"

"அம்மாதான்..."

"அங்க பொம்பளைங்க ரூம் இருக்குது. மாத்திக்கினு வந்துடு."

வெயிலுக்குச் சொல்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். "வீட்டு வாசல்ல எறங்கிட்டு மாத்திக்கிறேங்க. மொத மொதல்ல கூறையோடதான் வரணும்" என்றேன்.

அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு, மளிகைக்கடைப் பாக்கியைச் சொல்வதுபோலச் சொன்னான். "வீட்ல ஒருத்தி இருக்குறா. ஒரு கொழந்த இருக்குது, இன்னொண்ணு வயித்துல. உன்ன என் தங்கச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். புருஷன் வுட்டுட்டான், போக்கிடம் இல்ல, வந்து ஒத்தாசையா இருக்கும்னு. கூறையோட வந்து நின்னா அவ இன்னா நெனப்பா?"

புருஷன் விட்டுவிட்டவள். அதில் பொய் ஒன்றுமில்லை.

கப்பல் அங்கேயேதான் நின்றது. அதில் திரும்பி ஏற என்னிடம் டிக்கெட்டும் இல்லை, அந்த ஊரில் எனக்கு ஆளும் இல்லை. கோட்டக்குப்பத்து அக்கா தன் புருஷனோடு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு எனக்குக் கைகாட்டினாள். நன்றாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நானும் கைகாட்டினேன். பிறகு பொம்பளைங்க ரூமுக்குப் போனேன். அங்கே போர்வை பிடிக்க யாருமில்லை. நானே அவிழ்த்து நானே மடித்தேன். பட்டில் உப்புத்தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நிறைமாத வயிற்றோடு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் அவளே ஊற்றினாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதீங்க. உங்கள வுட்டுட்டுப் போன பாவி நல்லா இருக்கவே மாட்டான்," என்றாள். அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"விடுங்க அண்ணி," என்றேன்.