ஆறும் ஒன்றும் ஏழு

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஐந்து கிலோ பொடியில் ஒரே ஒரு பாக்டீரியாதான் இருக்கிறது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவள் நான். இப்போது அதே லேபில் நான்தான் சீனியர். புதிதாக வருகிற பிள்ளைகள் தப்பு செய்துவிட்டு முகத்தைத் தொங்கப்போடும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையில் மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற சின்ன லேப் எங்களுடையது. மிளகுக்கொடிக்கு மழைக்காலத்தில் வாடல் நோய் வரும். வேரில் நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துவிட்டால் நோய்க் கிருமிக்கு அங்கே இடம் இருக்காது. அந்த நல்ல பாக்டீரியாவை வளர்த்து, பொடியில் கலந்து, ஒரு கிலோ பாக்கெட்டாகக் கொடுப்போம். ஒரு கிராம் பொடியில் குறைந்தது பத்து கோடி உயிர் இருக்க வேண்டும், அதாவது 10⁸. இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

பத்து கோடியை யாரும் உட்கார்ந்து எண்ண முடியாது. அதனால் ஒரு கிராம் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்வோம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மறுபடி பத்தில் ஒரு பங்கு. இப்படி ஆறு டியூப். ஆறாவது டியூபில் இருப்பது 10⁻⁶. அதிலிருந்து 0.1 மில்லி, அதாவது 10⁻¹, எடுத்து, பாக்டீரியாவுக்கான உணவுக்கூழ் உறைந்த பிளேட்டில் தடவி வைத்தால் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். காலனியை எண்ணி, நீர்த்த கணக்கால் வகுத்தால் விடை.

அன்றைக்கு இருநூறு காலனி. அதை 10⁻⁶ × 10⁻¹ ஆல் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அடுக்குக்குறி விதிகளில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் பசுமரத்தாணி போல மனதில் நின்றிருந்தது: அடுக்கை அடுக்கால் பெருக்கு. அதுவும் போதாதென்று மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ். ஆக, பெருக்கினேன். 10⁶ வந்தது. இருநூறைப் பத்து லட்சத்தால் வகுத்தேன். ஒரு கிராமுக்கு 0.0002 பாக்டீரியா. மூன்று முறை சரிபார்த்தேன், மூன்று முறையும் அதேதான் வந்தது. பெருமையாக நீட்டினேன்.

மேனேஜர் ஜமீலா மேடம் சேந்தமங்கலத்துக்காரர். தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் கலா, அஞ்சு கிலோவுக்கு ஒண்ணுன்னா, அஞ்சு பாக்கெட் வாங்குற விவசாயிக்கு எந்தப் பாக்கெட்டுல அது உக்காந்திருக்குதுன்னு நாம சொல்லிவிடோணுமில்ல?"

பொடி கலக்குகிற கந்தசாமி அண்ணன் மலைக்காரர். வாசலில் நின்றபடியே சொன்னார்: "அதுக்குப் பேரு வெச்சிரலாமுங்க மேடம். கூப்பிட்டா வரும்."

எனக்கு அப்போதே பஸ் ஏறி என் ஊர் பேளுக்குறிச்சிக்கே போய்விடலாம் என்று இருந்தது. மேடம்தான் பேனாவை வாங்கினார்.

"மைனஸ வெச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டற? கீழ இருக்கறத மேல கொண்டாந்தா பிளஸ் ஆயிரும். 200 × 10⁶ × 10¹. இனிமே இப்படியே எழுது."

அதற்குள் போன் அடித்தது, அவர் போய்விட்டார். மீதியை நானே போட்டேன். 200 × 10⁶. இருபது கோடி. தேவை பத்து கோடிதான். பேட்ச் பாஸ். மேடம் போனைக் காதில் வைத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது.

2. ஃபெயில்

ஏழு மாதமும் பேட்ச் எல்லாம் பாஸ். எனக்கும் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. அப்புறம் மழை தொடங்கிய வாரத்தில் ஒரு பேட்ச். முப்பத்து நான்கு காலனி. கணக்குப் போட்டேன்: மூன்று கோடியே நாற்பது லட்சம். ஃபெயில்.

மறுபடி பிளேட் போடச் சொன்னார் மேடம். முப்பத்தாறு. மறுபடியும் ஃபெயில்.

இன்னும் பாக்கெட்டில் போடாத பொடி, இருபது மூட்டை. அந்தப் பேட்சுக்காக பாப்பாத்தி அக்கா மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார். அவர் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொடிகளில் நாலைந்து மஞ்சளாகிவிட்டன. அடுத்த மழைக்குள் பொடியைக் கரைத்து வேரில் ஊற்றாவிட்டால் பக்கத்துக் கொடிக்கும் பரவும். பதினோரு வருடம் வளர்த்த கொடிகள்.

"கொறைஞ்சதா இருந்தாலும் குடு கண்ணு. ஒண்ணுமில்லாததுக்கு அதாவது ஆவட்டும்" என்றார் அக்கா.

"சத்தில்லாதத குடுத்துட்டு நாளைக்கு கொடி செத்தா நீங்க எங்களத்தான் கேப்பீங்க" என்றார் மேடம். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பழி கந்தசாமி அண்ணன் மேல் விழுந்தது. கலவையை வெயிலில் வைத்துவிட்டார் என்று பேச்சு. எப்போதும் கேலி பேசுகிற மனிதர் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் வெயில்ல வெக்கலீங்க."

நாளைக் காலை மூட்டைகளைப் பிரித்து எருக்குழியில் கொட்டுவது என்று முடிவானது. கொட்ட வேண்டியவரும் அவர்தான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் என் கணக்கின் மேல் துளி சந்தேகமும் இல்லை.

3. ஆறாவது வளைவு

மறுநாள் காலை பஸ் காரவள்ளியைத் தாண்டி மலை ஏறியது. எழுபது கொண்டை ஊசி வளைவு. எனக்கு வாந்தி வரும். அதை மறக்க ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். கையில் எலுமிச்சம்பழம், வாயில் எண்ணிக்கை.

ஆறாவது வளைவில் ஒரு லாரி நின்றுபோயிருந்தது. எங்கள் பஸ் அதன் பின்னால் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து டிரைவரிடம் கத்தினார்.

"ஆறுல இருந்து ஒண்ணு ஏறிட்டான்னா ஏழுல எடம் இருக்குதுங்ண்ணா! ஒதுங்கிக்குவான்!"

ஆறிலிருந்து ஒன்று ஏறினால் ஏழு. அதில் என்ன அதிசயம்? ஒன்றுமில்லை. ஆனால் என் கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே உருண்டது.

ஆறு டியூப் என்பது ஆறு வளைவு இறங்குவது. பிளேட்டில் பத்தில் ஒரு பங்கு தடவுவது இன்னொரு வளைவு இறங்குவது. திரும்பி மேலே போக ஏழு வளைவு ஏற வேண்டும். பத்தோடு பத்தைப் பெருக்கும்போது அடுக்கைக் கூட்டத்தான் வேண்டும். 10⁶ × 10¹ என்பது 10⁷. நானோ ஆறையும் ஒன்றையும் பெருக்கி, ஆறொண்ணு ஆறு என்று ஏழு மாதமாக ஒரு வளைவு கீழேயே நின்றுகொண்டிருக்கிறேன். மற்ற பேட்ச் எல்லாம் சத்தானவை. பத்தில் ஒன்றாகக் குறைத்து எழுதியும் பாஸாகிவிட்டன.

முப்பத்து நான்கு பெருக்கல் 10⁷. முப்பத்து நான்கு கோடி. அந்தப் பேட்ச் பாஸ்!

போனை எடுத்தேன். டவர் இல்லை. லாரி ஒதுங்கி, பஸ் கிளம்பி, இன்னும் அறுபத்து நான்கு வளைவு. என் வாழ்க்கையில் வாந்தியை மறந்துவிட்டு மலை ஏறியது அன்றைக்கு மட்டும்தான். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மூட்டை குழியில் விழுவதாகவே மனசு அடித்துக்கொண்டது. இருபது வளைவு தாண்டியதும் மூட்டை தீர்ந்துபோனது. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

4. குழி

லேப் இருக்கிற செம்மேட்டில் இறங்கி ஓடினேன். குழிக்குப் பக்கத்தில் கந்தசாமி அண்ணன் ஒரு மூட்டையைக் காலி செய்து உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொட்டாதீங்க! தப்பு என்னுது!"

"இது ஒண்ணுதான் கண்ணு ஆச்சு" என்றார் அவர். "மனசு வராம இவ்வளவு நேரம் டீ குடிச்சிட்டு இருந்தேன். நாலு டீ."

பாப்பாத்தி அக்கா அன்றைக்கும் வந்து தவித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முன்னாலேயே மேடத்திடம் சொன்னேன். ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். மேடம் பேனாவோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஆறொண்ணு ஆறு. எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து. வேலை போய்விட்டது என்று நான் நின்றிருந்தேன்.

"அன்னிக்கு மைனஸ மட்டும் எடுத்துவுட்டேன். பெருக்கறத எடுத்துவுடலியே" என்றார் மேடம் மெதுவாக. பிறகு எழுந்து போய், "கந்தசாமி, மன்னிச்சுக்கங்க" என்றார்.

அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். "அட உடுங்க மேடம். அஞ்சு கிலோவுக்கு ஒண்ணுன்னு சொன்ன புள்ள, இப்பக் கோடிக்கணக்குல வந்து நிக்குது. முன்னேற்றந்தானுங்க."

பாப்பாத்தி அக்கா தம் மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுதான் போனார். மஞ்சளான கொடிகள் போய்விட்டன. மற்றவை நின்றன.

அடுக்கைப் பெருக்கவே கூடாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நூறில் ஒரு பங்காக மூன்று முறை நீர்க்கச் செய்தால், ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு வளைவு. (10⁻²)³ என்பது 10⁻⁶. அங்கே மூவிரண்டு ஆறு என்று பெருக்குவது சரி. நான் மறக்காமல் வைத்திருந்த விதி உண்மையான விதிதான், போட்ட இடம்தான் தப்பு. ஆகவே விதி மறந்துபோனால் பயப்படாதீர்கள். எத்தனை வளைவு இறங்கினோம் என்று விரல்விட்டு எண்ணுங்கள், போதும்.

இன்னொன்று. ஐந்து கிலோவுக்கு ஒன்று என்ற என் பெரிய தப்பு ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. ஒரே ஒரு வளைவுத் தப்பு ஏழு மாதம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருந்தது. அன்றிலிருந்து விடை நன்றாக இருக்கும்போதுதான் நான் இரண்டாம் முறை கணக்குப் பார்க்கிறேன்.

குழியில் கொட்டிய அந்த ஒரு மூட்டை வீணாகவில்லை. அந்த வருடம் குழியோரம் நின்ற வாழை, தண்டு கொள்ளாத தார் போட்டது. பொடியால்தான் என்று சொல்ல என்னிடம் பிளேட் இல்லை. கந்தசாமி அண்ணன் முதல் சீப்பை வெட்டிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

"எத்தன பழம்னு நீ எண்ண வேண்டாம் கண்ணு. நானே எண்ணிட்டேன்."