எண்களின் சட்டையைக் கழற்றியவர்

காலை பதினொன்று பத்துக்கு அக்கா கூப்பிட்டாள். "அத்தான் போயிட்டாருடி." ஒன்பது நாள் மருத்துவமனையில் தூங்காமல் கிடந்த குரல், அழக்கூடத் தெம்பில்லை. "கையெழுத்து, அது இதுன்னு மூணு மணி வரைக்கும் இங்கிருந்து விடமாட்டாங்க. நீ அந்தப் பாலத்து வேலையை முடிச்சிட்டே வா. நேத்துக்கூட அதைத்தான் கேட்டாரு."

தங்கை தொலைபேசியை வைத்தாள். பாலங்களைச் சோதிக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கும் அத்தானுக்கும் பதினோரு வருடமாக அடுத்தடுத்த மேசை.

அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் தோலுரிச்சான். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத மனிதருக்கு இப்படியொரு பெயர். அவர் உரித்ததெல்லாம் எண்களின் தோலை. அங்கே கணக்குப் போடும் கணினி மொழி ஒரு தினுசு. ஓர் எண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, இரண்டு தசம இலக்கத்தில் காட்டச் சொல்லி, அப்படியே ஒரு பெயரில் சேமித்தால் அலங்காரமும் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கூட்டச் சொன்னால் கூட்டாது. நடுவில் கூட்டல் குறியைப் போட்டுவிட்டுத் தேமே என்று உட்கார்ந்திருக்கும். மேலதிகாரிக்கோ நிறமில்லாத அட்டவணை கண்ணில் பட்டாலே ஆகாது.

"நல்லாத்தானேய்யா இருக்கு, எதுக்குப் போட்டு உரிக்கிற?"

"சட்டை நல்லாத்தான் சார் இருக்கு. எடை பார்க்கணும்னா கழட்டித்தானே ஆகணும்?"

"விட்டா என் சட்டையையும் கழட்டுவ."

"உங்களைக் கூட்டிக் கழிச்சு எனக்கென்ன சார் ஆகப்போகுது?"

சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து, மேலுறை எதுவானாலும் வீசிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும் விதிகளை ஒவ்வொன்றாக எழுதினார். ஒவ்வொரு விதிக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி: இடப்பக்கம் உறையோடு இருப்பது, வலப்பக்கம் உரித்த பிறகு மிஞ்சுவது. உறைக்குள் உறை இருந்தால், தீரும்வரை உரிக்கும்.

ஆற்றுப்பாலத்தில் நாளை முதல் லாரிகளை விடலாமா என்று அன்று இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். தூணுக்குத் தூண் இடையிலான ஏழு கண்களில் எதன் தாங்குதிறனும் மேலே ஏறும் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கீழே போகக் கூடாது. மிகப் பலவீனமான கண்ணுக்கு அட்டவணை 1.50 என்று காட்டியது.

மேலதிகாரி பேனாவோடு வந்து நின்றார். அழுது அவர் கண் சிவந்திருந்தது. "சரியா ஒன்றரை. திறந்துடலாம். நீ கிளம்பும்மா, அக்கா தனியா இருப்பா."

"ஒரு நிமிஷம் சார்."

அத்தானின் விதிகளை ஓடவிட்டாள். நிறம் போயிற்று, கட்டம் போயிற்று, இரண்டு இலக்கமும் போயிற்று. 1.4962.

மேலதிகாரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "துளிதானேம்மா. நாளைக்குத் திறக்கிறோம்னு ஊருக்கே சொல்லியாச்சு. என்னைப் பிச்சு எடுத்துடுவாங்க."

"ரெண்டு இலக்கம் நாம பார்க்கிறதுக்கு சார். லாரி உள்ள இருக்கிற எண்ணு மேலதான் போகும்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, "ஆளே இல்லை, இன்னும் உரிக்கிறான்" என்று முனகியபடி, அறிக்கையில் 'திறக்கலாம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'திறக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அறிக்கை போனது. கோப்பை மூடுமுன் கவனித்தாள்: அளவெடுத்த தேதிகள் மட்டும் இன்னும் நீல நிறத்தில் இருந்தன. தேதிக்கான விதியை அத்தான் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். அதில் அம்புக்குறியின் இடப்பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.