உப்பங்கழி வெளியான ஞாயிறு

ஏழரை என்று ஒரு பாட்டுக் கம்பெனிக்குப் பெயர் வைத்தால் எந்தத் தாய்தான் பொறுத்துக்கொள்வாள்? சுஜாவும் அவள் கூட்டாளி ஹரியும் முதன்முதலில் வெளியிட்ட பாட்டு ஏழரைத் தட்டுத் தாளத்தில் ஓடுகிற பாட்டு. பெயர் அதிலிருந்து வந்தது. சுஜாவின் அம்மா லூர்து மேரிக்கு அந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. "ஏட்டி, வேற பேரே கெடைக்கலியா? வேதக்காரங்க வீட்டுல ஏழரையக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கியே" என்றாள்.

கம்பெனி என்றால் அலுவலகம் கிடையாது. மும்பை செம்பூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த சிடி அட்டைப்பெட்டிகளும் சுஜாவின் போனும்தான் கம்பெனி. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டிடம் வேலை. ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால், அடுத்து வரப்போகும் ஆல்பம் எது, கச்சேரி எங்கே என்று ரசிகர்களுக்குத் தட்டி அனுப்புவாள்.

புரோக்ரஸிவ் ராக் என்று அந்த இசைக்குப் பெயர். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும். பாடுகிறவர் காணாமல் போவார். திரும்பி வரும்போது வேறு சுருதியில் இருப்பார். இதைக் கேட்க மும்பையில் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். வேறு யாருக்கும் இது வேண்டியிருக்கவில்லை.

ஹரி முலுண்டில் வீடு வாங்கிப் போனதிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுகொண்டான். "சோட் தோ, சுஜா. விட்டுடு. நமக்கு வயசாயிடுத்து" என்று ஒரு நாள் போனில் சொன்னான். அவன் சண்டையாகச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவளிடம் பேசுவதுபோலச் சொன்னான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவளுக்கும் விடத்தான் ஆசை. மேடைக்காரன், விளக்குக்காரன், போஸ்டர் போடுகிறவன் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கெஞ்சி அவள் குரலே கெஞ்சுகிற குரலாகிவிட்டிருந்தது. ஆபீசில் பியூனிடம் பேனா கேட்டால்கூட அப்படித்தான் வந்தது. ஆனாலும் விடமுடியாதபடி ஒரு பாட்டு இருந்தது. ஞானசீலன் அண்ணனின் 'உப்பங்கழி'.

ஞானசீலன் டிராம்பேயில் ஒரு எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மார்த்தாண்டத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பார். அந்த மனிதர் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கழியை, அதில் கடல்நீர் ஏறி வற்றுவதை, எண்ணெய் மிதக்கிற தண்ணீரை வைத்து நீளமாக ஒரு பாட்டு கட்டியிருந்தார். பதிவு செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. மேடையில் அவர் வாசிக்கும் அன்றைக்கே வெளியிடுவது என்று முடிவு. ஒருமுறை டிரம்ஸ்காரனின் கல்யாணம் வந்தது. ஒருமுறை மழையில் ரயிலே ஓடவில்லை. ஒருமுறை ஹால்காரன் கடைசி நேரத்தில் வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டான். 'விரைவில்' என்ற சொல்லைத் தட்டும்போது அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

இந்தத் தடவை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சங்கத்தின் ஹால் கிடைத்தது. ஞாயிறு மதியம். முதலில் ஷைஸ்தா என்ற இளம் கிடார்காரியின் குழு, பிறகு உப்பங்கழி. ஆனால் ஒத்திகைக்கு ஞானசீலன் வரவே இல்லை. ஒருநாள் ஷிப்ட் என்றார், இன்னொருநாள் விருந்தாளி என்றார். சனிக்கிழமை காலை சுஜா டிராம்பே பஸ் ஏறினாள். போகிற வழியில் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டாள்: அவரிடம் முதலில் சொல்லிவிடவேண்டும், இதுதான் கடைசி என்று.

கதவைத் திறந்தவர் முகத்தில் பிடிபட்டுவிட்ட கலவரம். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தார். தட்டை வலது கையால் மட்டும் பிடித்து, இடது கையை மார்போடு ஒட்டி வைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடக் கூடாது. நாளைக்கோட ஏழரைய நிறுத்திரப் போறேன். என்னால முடியல. உங்க பாட்டு ஒண்ணுக்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்துப் பிடிச்சேன்."

அவர் சாயாத் தட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"எனக்காண்டியா? பிள்ளே, நான் உனக்காண்டில்லா சரி சரின்னு இருந்தேன்!"

இடது கையை மேஜைமேல் வைத்துக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருந்தன.

"இது ரெண்டும் மரத்துப்போச்சு. போன மழைக்கு முன்னாலயே. கோயில்ல வலது கையும் காலும் வச்சு ஒப்பேத்துதேன்; ஒருத்தருக்கும் தெரியல. நீ ஒவ்வொரு தடவையும் போஸ்டர்ல எம்பேரப் பெருசாப் போட்டு அனுப்புத. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? தள்ளிப்போச்சுன்னு நீ போன் பண்ணும்போதெல்லாம் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுவேன்."

சுஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நாய் மாதிரி அலைஞ்சேனே!"

"நீயும் சொல்லியிருக்கலாம், முடியலன்னு."

வெளியே யாரோ சிலிண்டர் உருட்டிக்கொண்டு போகிற சத்தம். சாயா ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதை அப்படியே குடித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் எழுதி அனுப்பினாள்: ஞானசீலன் நாளை வாசிக்கமாட்டார், உப்பங்கழி நாளை வெளியாகும், ஹாலில் பதிவைப் போட்டுக் காட்டுவோம். 'விரைவில்' என்று எங்கும் எழுதவில்லை. காரணம் கேட்டு வந்த செய்திகளுக்கும் பதில் போடவில்லை.

ஞாயிறு மதியம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூட்டம் இருந்தது. ஷைஸ்தாவின் குழு நன்றாக வாசித்தது. அந்தப் பெண் ஒரு கம்பி அறுந்தும் நிறுத்தவில்லை. பிறகு காலி மேடையில் ஸ்பீக்கர் வழியாக உப்பங்கழி தொடங்கியது. மனிதர் இல்லாத மேடையை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பாதிப் பேர் காபி குடிக்க வெளியே போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஹரி முலுண்டிலிருந்து வந்து சுவரோரம் நின்றான். ஆர்கன் மெல்ல ஏறி, தாளம் உடைந்து, தண்ணீர் வற்றுகிற இடம் வந்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

சுஜா கடைசி வரிசைக்குப் போனாள். கோயிலுக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையோடு ஞானசீலன் அங்கே உட்கார்ந்திருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் பாட்டு ஓட ஓட அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து நேரே பூசைக்குப் போய், அங்கிருந்து வந்தவர். அவள் எழுப்பவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். யாரும் தன்னிடம் எதுவும் கேட்காத நேரம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டியபோதுதான் அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"எங்க வரைக்கும் வந்துது?"

"முடிஞ்சுட்டு அண்ணே."

"நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்துது."

வாட்ச்மேன் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டான். சாயங்காலம் அங்கே ஒரு வளைகாப்பு. ஹரி சிடிப் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். ஷைஸ்தா வந்து, அடுத்த கச்சேரி எப்போது என்று ஹிந்தியில் கேட்டாள்.

"பதா நஹி" என்றாள் சுஜா. தெரியாது என்பதை அவள் குரல் கெஞ்சாமல் சொன்னது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் ஞானசீலனிடம் கேட்டாள்: "கைய யாருட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டணும்."

"நாளைக்கு நான் லீவு போடுதேன். காலைல வாரேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாளைக்கா? ஷிப்ட்டு இருக்கே."

"ஷிப்ட்டுன்னு என்கிட்ட சொல்லாதீங்க அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். கூட்டமாக ஒரு பஸ் வந்தது. இருவரும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்காக நின்றார்கள்.