கிளம்பும்போது கேட்கும் கேள்வி

எங்கள் வீட்டில், வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். உர மூட்டை வாங்கப் போகிறவருக்கு இவ்வளவு அமர்க்களம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான்.

என் தங்கை மட்டும் கேட்பாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அது அதிகமானது. "எங்கே போற? எப்ப வருவே? நிச்சயமா வருவியா?" அம்மா கடைத்தெருவுக்குக் கிளம்பினால்கூட இந்த மூன்று கேள்விகளும் வரும். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன்டி" என்று அம்மா அடக்குவாள். நாளடைவில் தங்கை கண்ணில் படாமல் கொல்லை வழியாக நழுவ எல்லோரும் பழகிக்கொண்டோம். எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

காலையில் அவளுக்கு என்னைப் போல ஓர் அக்கா உலகத்திலேயே கிடையாது. சாயங்காலம் இரண்டு தடவை போனை எடுக்காவிட்டால் நான் துரோகி. தோழிகளும் அப்படித்தான் வந்தார்கள், போனார்கள். மூன்று வேலைகளை விட்டாள். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். கையிலிருந்த தழும்புகளை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். "சீன் போடுறா" என்றேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொன்னது நான்தான்.

நான் தஞ்சாவூரில் ஆசிரியை. ஒரு சம்பா அறுவடைக்கு ஊருக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய காலை, அப்பாவும் அம்மாவும் அறுவடை மிஷின் இறங்கியிருந்த வயலில் இருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது தங்கை கேட்டாள்: "எங்கேக்கா போற? எப்ப வருவே?" பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப உள்ளே போய், அவள் எதிரிலேயே உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்னார்குடி தாண்டும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. தங்கை உயிரை விடப் பார்த்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை எதற்கோ கதவைத் தட்டியதால் பிழைத்தாள்.

உடம்பு தேறியதும் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். சில வாரங்கள் அவளோடு பேசிய பிறகு, அவள் சம்மதத்தோடு எங்களை உள்ளே கூப்பிட்டார். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர் என்றார். அப்பா அதைச் சொல்லிப் பார்த்துப் பாதியில் கைவிட்டார்.

"வருத்தம் எல்லாருக்கும்தானே டாக்டர் இருக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வருத்தம் வந்தா, நாளைக்குக் குறையும்னு தெரியுதுங்க. இவங்களுக்கு அந்த நேரத்துல அது தெரியாது. நீங்க வாசலைத் தாண்டினா, திரும்பி வருவீங்கங்கறதே மனசுல நிக்காது. அது பிடிவாதம் இல்ல, வலி."

"நாங்க என்ன பண்றது?"

"சொல்லிட்டுப் போங்க. எங்கே போறீங்க, எப்ப வருவீங்கன்னு. கேக்கறதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். சொன்னதைச் செய்யுங்க, போதும். மத்தது அவங்க இங்க வாராவாரம் வந்து கத்துக்க வேண்டியது. நாளாகும், ஆனா சரியாகும்."

எல்லோரும் ஊருக்குத் திரும்பிய மறுநாள் அப்பா வண்டியருகே நின்று தொண்டையைச் செருமினார். அறுபது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? "மோட்டார் கொட்டகைக்குப் போறேம்மா. பத்தரைக்கு வந்துடுவேன்." பத்து நிமிஷம் முன்பே வந்துவிட்டவர், பத்தரை ஆகட்டும் என்று வாய்க்கால் கரையிலேயே நின்றிருந்தார். சிரிப்பு வந்தது.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. தட்டு பறந்த நாட்கள் உண்டு. நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன். ஆனாலும் அவள் ஒரு வாரம்கூட விடாமல் மருத்துவரிடம் போனாள்.

போன ஐப்பசியில் அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போனார்கள். தஞ்சாவூரிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று தங்கையிடம் நான் சொல்லியிருந்தேன். மழையில் மரம் விழுந்து பஸ் வழியில் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. யாரிடமாவது வாங்கிப் பேசலாமென்றால் அவள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. என்ன அக்கா நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆறேகாலுக்கு இறங்கிச் சேற்றில் ஓடினேன். அவள் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில்.

சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நாலு மணின்னு சொன்னே."

மரம் விழுந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரமா உன்னை வெறுத்துக்கிட்டு இருந்தேன். இப்பவும் வெறுப்பாத்தான் இருக்கு." காலை மடக்கி இழுத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணும் பண்ணிக்கலை. நீ வராமலே போயிருந்தாலும் பண்ணிக்கிட்டிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."

கட்டிக்கொள்ளப் போனேன். தொடாதே என்றாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அழுதேன்.