சர்பத்தில் போன சல்வியா

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்முனையில், கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவே கிடக்கும் இந்த வளவுக்கு நான் மாப்பிள்ளையாக வந்தவன். கிணறு மனைவியின் வாப்பா வெட்டியது. மாவும் தென்னையும் அவர் வைத்தவை. என் கையால் இந்த மணலில் நின்றது ஒன்றே ஒன்று: வாசலோரம் ஒரு வரிசை சிவப்புச் சல்வியா.

அது ஒரு பருவத்துப் பூ. மாரி ஓய்ந்ததும் விதைத்தால் கச்சான் என்ற வறண்ட காற்று எழும் வரைக்கும் சிவப்பாய் எரியும். பிறகு காயும், சாகும். விதை இருந்தால் அடுத்த வருடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முதன்முதலில் வாங்கிய விதைப் பைக்கற்றை எருவுக்குள் ஆழப் புதைத்துவிட்டுப் பதினைந்து நாள் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, நனைத்து, மூடாமல் விட வேண்டும். இரண்டாவது பைக்கற்றில் முளைத்ததன் வம்சத்தைத்தான் வருடாவருடம் விதையெடுத்துக் காப்பாற்றி வந்தேன். அந்தப் பைக்கற் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

பக்கத்து வளவு மனைவியின் ராத்தாவுடையது. அவளுக்கு அக்கா, எனக்கு மதினி. நடுவில் வேலி என்ற பேருக்கு நாலு தகரம். முதல் தடவை பூத்தபோது தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இதென்ன பூ மச்சான்?”

“சல்வியா.”

“செல்வியா? எப்ப திருமதியாகும்?”

அன்றிலிருந்து அந்தப் பூவுக்கு அவர் வீட்டில் பெயர் குமர், கலியாணமாகாத பெண். “உங்கட குமர் இண்டைக்கு வாடி நிக்கிறா, தண்ணி ஊத்தல்லியா?” என்று கேட்பார். நான் சிரிப்பதில்லை. போன வருடம் விதைக்கென்று விட்டிருந்த கதிர் ஒன்றை அவர் கேளாமலே ஒடித்துக்கொண்டு போனபோது இரண்டு நாள் கதைக்கவுமில்லை.

கடற்காற்றில் எல்லாம் ஈரம் பிடிக்கும். அதனால் விதையைக் காயவைத்துச் சின்னப் போத்தலில் அடைத்து, குசினியில் அடுப்புச் சூடு படும் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இந்த வருடம் மாரி முடிய மறுத்தது. இன்று விதைப்போம், நாளை விதைப்போம் என்றிருக்க நோன்பு வந்துவிட்டது.

முதல் வாரத்தில் ஒரு மாலை. பாங்கு சொல்லியாயிற்று. பேரீச்சம்பழத்துக்குப் பிறகு சர்பத்துக் கிளாஸை எடுத்தேன். பாதி இறங்கியபோது பல்லில் ஏதோ அரைபட்டது. சர்பத்துக்குப் போடும் கசகசா, திருநீற்றுப் பச்சிலை விதை, ஊறினால் அரைபடாது, வழுக்கிக்கொண்டு போகும். இதற்கும் மேலே வழுவழுப்பு இருந்தது, உள்ளே மணி. லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மண்ணிறம்.

“கசகசா எங்க எடுத்த?” என்று மனைவியைக் கேட்டேன்.

“சீனிப் போத்தலடியில இரிந்திச்சே. கொஞ்சந்தானே எண்டு முழுசயும் போட்டுட்டன்.”

“அது பூ விதை.”

மனைவி தன் கிளாஸைப் பார்த்தாள். “நஞ்சா?”

“இல்ல.”

“மறுகா என்ன, குடிங்க. வீணாக்கக் கூடா.”

குடித்தேன். ஒரு வருடத்துச் சிவப்பு தொண்டையால் இறங்கியது. ரோஸ் சர்பத்தின் ருசிதான்.

செய்தி எனக்கு முன்னே தகரம் தாண்டிவிட்டது. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி கூப்பிட்டார். பாதியாக வெட்டிய தண்ணீர்க் கேன் ஒன்றைத் தூக்கித் தகரத்துக்கு மேலால் நீட்டினார். உள்ளே விரல் உயரத்தில் பச்சை. நாலிலை விட்ட கண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“குமர நான் ஒளிச்சி வளத்தன். நீங்க கோவிச்ச கதிர்தான்.”

“எப்ப விதைச்சீங்க?”

“மழைக்குள்ளேயே, தாவாரத்துல வெச்சி. மண்ணால மூடக்கூடா எண்டு நீங்கதானே நாள் முழுக்கக் கதைக்கிற.”

கேனை வாங்கிக்கொண்டேன்.

“பாத்து மச்சான். கீரையெண்டு நெனச்சி இதக் கஞ்சிக்குள்ள போட்டுருவா என்ட தங்கச்சி.”

வெயில் இறங்கியதும் வாசலோரம் ஒரு சாண் விட்டு ஒன்றாக நட்டேன். வரிசையில் பாதி வந்ததும் நிறுத்தினேன். மீதியைக் கேனோடு தகரத்தடிக்குக் கொண்டுபோய் மதினியைக் கூப்பிட்டேன்.

“ஏன், வேணாமா?”

“உங்கட வளவிலயும் நிக்கட்டும் மதினி. எங்கட குசினிய நம்பேலா.”