ஐந்து ஸ்க்ரூவும் கொஞ்சம் சந்தனமும்

எங்கள் வீட்டு லேப்டாப்பை வீட்டிலேயே பிரிக்கலாம். எந்தப் பாகம் கெட்டதோ அதை மட்டும் வரவழைத்து நாமே மாற்றிக்கொள்ளலாம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவில் மற்ற எல்லோருக்கும் என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பால்காரர், தாதா என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணா, சிலிண்டர் தூக்கி வருகிறவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடியில் இருக்கும் ஐந்து ஸ்க்ரூக்களைக் காட்டி, "இந்த அஞ்சைக் கழட்டத் தெரிஞ்சா போதும், எந்தக் கடைக்காரன் கால்லயும் விழ வேண்டாம்" என்பார். வாங்கிக் கொஞ்ச காலம்வரை ஒருமுறைகூட அவர் அதைக் கழற்றியிருக்கவில்லை. சனியன், கெட்டுப்போனால்தானே கழற்றுவதற்கு? அதில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான்.

போன வருஷம் துர்கா பூஜை சமயத்தில் ஒருவழியாக ஸ்பேஸ் பார் செத்தது. நான் பள்ளிப் பாடங்களை மொழிபெயர்க்கிறவள். வார்த்தைகளுக்கு நடுவில் இடமே விடாமல் நான் அனுப்பிய இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று பதிப்பகத்திலிருந்து ஃபோன் செய்து விசாரித்தார்கள். சஷ்டியன்று புது கீபோர்ட் கூரியரில் வந்து இறங்கியது. இவர் முகத்தில் அப்படி ஒரு கல்யாணக் களை. சரஸ்வதி பூஜை முடியாமல் அதைத் தொடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் அவருடைய கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடர்பூரில், கப்பல்களில் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜ்களைப் பழுதுபார்க்கிற பட்டறை ஒன்றில் முப்பது வருஷமாக அவருக்கு வேலை. உள்ளே இருக்கும் முள் தலைமுடி கனம்தான் இருக்கும். கை ஆடினால் வேலை இல்லை. என் மாமனாரும் இதே வேலை பார்த்தவர்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் காபியை அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள். ஆவணியில் என் கணவருக்கு ஐம்பத்தெட்டு பிறந்தது. அன்றிலிருந்து டம்ளரை எடுக்கும்போதெல்லாம் தன் விரலையே பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, சம்பந்தமே இல்லாமல், "கை போச்சுன்னா நான் எதுக்கு?" என்றார். கண்டக்டர் வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நவமியன்று புத்தகங்களை அடுக்கி, அவருடைய ஸ்க்ரூடிரைவர் செட்டை வைத்து, லேப்டாப்பையும் வைத்தேன். "மூடி மேல பொட்டு வைக்காத, பெயிண்ட் போயிடும்!" என்று குளியலறைக்குள்ளிருந்தே கத்தினார். சரி என்று கவிழ்த்தேன். பார்த்தால், பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி குட்டிக் குட்டியாக ஸ்க்ரூக் குழிகள். கை சும்மா இருக்குமா? சந்தனத்தைத் தொட்டு வைத்து மேலே குங்குமத்தையும் அழுத்தினேன். தெருமுனைப் பந்தலில் தன் அம்மா துர்கையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சரஸ்வதி எங்கள் வீட்டுக்கும் வந்தாக வேண்டும். பாவம், அந்தம்மாவுக்கு அன்று இரண்டு இடத்தில் டியூட்டி. "இங்கே அவளுக்குப் பூஜை தை மாசத்தில்தானே, இப்போதே ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?" என்று கீழ்வீட்டுத் தாதா வருஷா வருஷம் கேட்பார்.

தசமி காலையில் மறுபூஜையை முடித்து, ஈரத்துணியால் எல்லாவற்றையும் ஒரு துடை துடைத்தேன். குழிக்குள் இருந்தது போயிற்றா என்று யார் பார்த்தார்கள்?

பத்தரை மணிக்கு அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு உட்கார்ந்தார். சாட்சிக்குத் தாதாவை அழைத்திருந்தார். அலிப்பூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றிலிருந்து ரிட்டயர் ஆன மனிதர் அவர். டீயைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். கீபோர்ட் பெட்டியோடு வந்த ஸ்க்ரூடிரைவரின் நட்சத்திர முனையை இவர் குழியில் இறக்கித் திருகினார். ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் தாதா தலையாட்ட, நான்கும் வந்துவிட்டன. ஐந்தாவது, பின்பக்க இடது மூலையில் இருந்தது, "கிரிச்" என்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மறுபடி கிரிச். நட்சத்திரக் குழி வழித்துவிட்ட மாதிரி வட்டமாகிவிட்டது.

"ஜாஹ்!" என்றார் தாதா, போச்சு என்கிற அர்த்தத்தில்.

அதற்கப்புறம் யோசனைகளுக்கா பஞ்சம்? தேங்காயெண்ணெய் விடு, சூடு காட்டு, ரப்பர் பாண்டை நடுவில் வைத்துத் திருகு. பூக்கட்டில் வந்த ரப்பர் பாண்டை எடுத்துக் கொடுத்தேன். அது நாராகக் கிழிந்தது. அரை மணி நேரத்தில் தாதாவின் பேச்சு ஸ்க்ரூவிலிருந்து ஹவுரா தொழிற்சாலைகளுக்கும், அங்கிருந்து நாடு கெட்ட கதைக்கும் போய்விட்டது. கடைசியில் வீட்டில் மீன் ஆறிப்போகும் என்று ஆள் இறங்கிப்போனார்.

இவர் வலது கையைச் செய்தித்தாளுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நடுங்குதா பாரு."

"இல்லையே."

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒருநாள் வந்து, இன்னிக்கு ஒரு ஸ்க்ரூ ஸ்லிப் ஆயிடுச்சுன்னு சொன்னார். அவ்வளவுதான்."

"ஒரு ஸ்க்ரூவுக்காகவா இந்த மூஞ்சி?"

"முப்பது வருஷத்துல எனக்கு ஒண்ணுகூட ஸ்லிப் ஆனதில்ல. லீவு முடிஞ்சதும் சொல்லிடறேன், கேஜ் வேலைய வேற யாருக்காவது குடுக்கட்டும்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பாத்திரமாவது தேய்ப்போம் என்று அடுக்களைக்குள் போனேன். பூஜைத் தட்டில் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே, அந்தக் குழி!

"என்னங்க, ஒண்ணு சொல்வேன், கத்தக் கூடாது."

"என்ன?"

"ஸ்க்ரூல சந்தனம் வெச்சேன்."

"எந்த ஸ்க்ரூல?"

"அடியில இருக்கறதுலதான். பூஜைக்கு."

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். "அறிவிருக்கா உனக்கு? குழிக்குள்ள சந்தனத்த அப்பி வெச்சா முனை எப்படி இறங்கும்? சரஸ்வதி வந்து கேட்டாளா உன்கிட்ட, எனக்கு ஸ்க்ரூல பொட்டு வையின்னு? படிச்சவதானே நீ? எழுதறவதானே?" குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் பெண்டாட்டியைத் திட்டி நான் பார்த்ததில்லை. எனக்கும் திட்டு வாங்க அத்தனை சுகமாக இருந்தது. இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று, "சாமி விஷயத்துல அப்படிப் பேசாதீங்க" என்று எடுத்துக் கொடுத்தேன்.

திட்டிக்கொண்டே தன் சொந்தப் பெட்டியைத் திறந்தார். ஒரு அளவு பெரிய நட்சத்திர முனையை எடுத்து, மழுங்கிய குழியின்மேல் நிறுத்தினார். என்னை லேப்டாப்பை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குட்டிச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். முனை இறங்கிக் கடித்தது. மெதுவாகத் திருகினார், கழன்றுவிட்டது. கை துளி ஆடவில்லை. நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பத்தே நிமிஷத்தில் புது கீபோர்ட் உட்கார்ந்துவிட்டது.

அவர் கை கழுவப் போனார். என் குற்றத்தை நானே சுத்தம் செய்வோம் என்று ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு, லேப்டாப்பின் அடித்தகட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். ஸ்க்ரூக்கள் கழன்றாலும் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கம் இரண்டில் சிவப்பு இருந்தது. நடுவில் இருந்ததிலும் இருந்தது. பின்பக்கம் இரண்டும் சுத்தம். மழுங்கிப்போன அந்தக் குழியை ஊக்கால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். இரும்பைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு ஞாபகம் வந்தது: மூன்று பொட்டோடு விரலில் சந்தனம் தீர்ந்துபோய், அடுப்பில் பாயசம் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவிட்டேன்.

சந்தனம் வைத்த மூன்றும் அவருக்கு ஒழுங்காகக் கழன்றிருந்தன. வைக்காத ஒன்றுதான் வழுக்கியிருந்தது.

துண்டால் கை துடைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தகட்டை என்னிடமிருந்து வாங்கினார். மூன்று சிவப்புக் குழிகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மழுங்கியதைத் தடவினார். அதிலேயே விரல் கொஞ்ச நேரம் நின்றது. முப்பது வருஷம் ஸ்க்ரூவோடு வாழ்ந்த மனுஷனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து தகட்டைப் பொருத்தி ஐந்தையும் முடுக்கினார்.

சாயங்காலம் துர்கையை ஆற்றில் கரைக்கும் விசர்ஜனம் முடிந்து, தட்டில் சந்தேஷ் இனிப்போடு தாதா மேலே வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன ஆச்சு அந்த ஸ்க்ரூ? ஏன் அப்படி வழுக்கியது?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். காலையில் தெருவுக்கே கேட்ட குரல் அடங்கியிருந்தது.

"நீயே சொல்லு," என்றார்.

"சந்தனம்தான் தாதா," என்றேன். "அஞ்சுலயும் நான்தான் வெச்சேன்."