வரும் என்றால் இல்லை

எங்கள் மளிகைக் கடையில் எவரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கல்லாவுக்கு எதிரில் அந்தச் சொல்லை உச்சரித்தால் இலட்சுமி படியிறங்கிவிடுவாள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. துவரம்பருப்பு தீர்ந்துபோயிருந்தால், கேட்டு வந்தவரிடம் ‘வரும்’ என்பார் பெரியப்பா. எப்போது என்று அவரும் சொல்லமாட்டார், வந்தவரும் கேட்கமாட்டார். பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ‘அனுப்பி வைக்கிறேன்’ என்றால் சரக்கு இருக்கிறது. ‘வரும்’ என்றால் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இதைக் கற்றுவிட்ட நான், கற்றதில் பெருமையும் கொண்டிருந்தேன்.

அரியலூருக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் பேரூராட்சி. கடைப் பலகையில் வேறொரு பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது ‘சேர்மன் கடை’தான். தாத்தா பேரூராட்சித் தலைவராக இருந்தவர். ஒருமுறை சட்டமன்றத்துக்கும் போய்வந்தார். அந்தக் காலத்தில் வியாபாரிகள் அரசியலுக்கு வருவதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. ஊரை அறிந்தவர், ஊர் அறிந்தவர், சலவைச் சட்டை வைத்திருப்பவர் என்ற தகுதிகள் கடைவீதியில்தான் ஒருங்கே கிடைத்தன. நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பதவி போய் ஒரு தலைமுறை ஆகியும் பெயர் மட்டும் கடையை விட்டுப் போகவில்லை.

அதுதான் பெரியப்பாவை உறுத்தியது. “சேர்மன் கடைங்கறானுவ, சேர்மன் எங்கடான்னா செவுத்துல தொங்கறாரு” என்று வாரச் சந்தையில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக மனுப் போட்டார். தோற்றுப்போனால் அந்தப் பெயரில் யாரும் கடையை அழைக்கக்கூடாது என்று வீட்டில் அறிவித்தும் விட்டார். ஊர் வாயை எப்படிக் கட்டுவார் என்று பெரியம்மா கேட்டார்.

தராசுச் சின்னம் கேட்டவருக்குக் கத்தரிக்கோல் கிடைத்தது. எதிர்த்து நின்றவர்கள் விடுவார்களா? “பொட்டலத்துல அரைக்கால் பங்கு வெட்டுறவருக்குப் பொருத்தமான சின்னந்தான்!” என்று ஒலிபெருக்கி வைத்தே சொன்னார்கள். பெரியப்பா அதற்குச் சிரித்தார் என்றாலும், அன்று முதல் எடை போடும்போது தட்டு தாழ்ந்த பிறகும் ஒரு கை அள்ளிப் போடத் தொடங்கினார்.

கடைவீதி வாக்குகள் பல பேருக்குப் பிரிந்துவிடும் என்பது தெரிந்ததே. வெற்றி, வார்டின் கோடியில் இருந்த மேட்டுத்தெருவின் கையில் இருந்தது. அத்தெருவார் ஒரு காலத்தில் பிறர் நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள்; எனக்கு நினைவு தெரிந்தபோது அவர்களில் கொத்தனார் இருந்தார், சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுநர் இருந்தார், ஆசிரியர்கூட ஒருவர் இருந்தார். தண்ணீர்க் குழாய் மட்டும் இல்லை. தாத்தா தலைவராக இருந்தபோது பதித்த குழாய் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டது. முனைக் குழாயில் மற்றவர்கள் பிடித்து முடிக்கும் வரை மேட்டுத்தெருப் பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நிற்பார்கள். பள்ளி போகும் வழியில் தினமும் கண்ட காட்சி என்பதால், அதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெண் குழந்தை கூட வந்தால் நல்ல சகுனம் என்று, பட்டுப்பாவாடை கட்டி என்னையும் வாக்குக் கேட்க அழைத்துப் போனார்கள். ஆட்டோவில் பெரியப்பாவின் அருங்குணங்கள் முழங்க, அவர் கும்பிட்ட கையைப் பிரிக்காமல் முன்னே நடந்தார். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மேட்டுத்தெருவின் நடுவில் ஓர் அம்மாள் வழியை மறித்தார். எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருபவர். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் அவருடைய விரல் நுனிகள் கறுத்திருக்கும்.

“மொதலாளி, ஒங்கப்பா காலத்துல முக்கு வரைக்கும் வந்த கொழா, முக்குலயே நின்னுபோச்சு. தெருவுக்குள்ள தண்ணி வருமா, வராதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

“வரும்மா, வரும்” என்றார் பெரியப்பா.

கடைக்குள் கேட்கும் அதே குரல். அந்த அம்மாளுக்குப் புரியாமல் போய்விடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. “பெரியப்பா வரும்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்” என்று உரக்கச் சொன்னேன்.

தெருவே சிரித்தது. “பாப்பாவுக்கு ஒரு சின்னம் குடுங்கய்யா, நான் பாப்பாவுக்கே குத்திடறேன்!” என்றார் ஓர் இளைஞர். அப்பா என் தோளைக் கிள்ளினார். “கொழந்தை ஏதோ ஒளறுதும்மா, நீங்க மனசுல வச்சிக்காதீங்க.”

“புள்ளைய ஏன் கிள்ளறீங்க? எங்களுக்குத் தெரியாததையா சொல்லிப்புடுச்சு?” என்ற அந்த அம்மாள் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். “பருப்பு வருமுன்னா அடுத்த கடைக்குப் போயிக்கறோம். தண்ணி வருமுன்னா எங்க போறது மொதலாளி?”

பெரியப்பா கும்பிட்ட கையைப் பிரித்தார். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்தவர், துடைத்து முடித்த பிறகும் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“இல்லைம்மா” என்றார் கடைசியில். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுவே முதல்முறை. பழக்கமில்லாததால் அவருக்கே நாக்குப் புரளவில்லை. “இப்பத்திக்கு இல்லை. பெரிய கொழா பதிக்காம இந்த மேட்டுக்குத் தண்ணி ஏறாது. நான் ஜெயிச்சாலும் ஒடனே ஆவாது. கேப்பேன். குடுக்கலேன்னா மறுபடியும் கேப்பேன். அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்.”

அந்த அம்மாள் “இப்பத்தான் மொதலாளி மாதிரி பேசல” என்று சொல்லி வழியை விட்டார்.

வீடு திரும்பியதும் பெரியம்மா அவருக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். அப்பாவுக்கு ஆறவில்லை. “வியாபாரி வாயால இல்லைங்கலாமாண்ணே? அதுவும் ஓட்டுக் கேக்கப் போன எடத்துல?”

“அவங்க கேட்டது பருப்பு இல்லடா” என்றார் பெரியப்பா.

அவர் ஜெயித்தார். மிளகாயால் என்றார் பெரியம்மா, கிரக பலத்தால் என்றார் அப்பா. என்னால்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். கூட்டத்தில் கேட்டார், ஆபீசில் கேட்டார், அரியலூருக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறிப் போய்க் கேட்டார். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலைத் தாண்டி விழுந்தது. “என்கிட்டயே வருங்கறான்!” என்று கத்தினார். அவ்வளவு கோபமாக அவரை வீடு கண்டதில்லை. மறுநாள் காலை அதே ஆபீசுக்குப் போனார்.

குழாய் வந்தபோது நான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். திறக்கும் நாளன்று பெரியப்பா என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனார். மேட்டுத்தெருவில் பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. பெரியப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயை நெருங்கினார்.

“இருங்க. நாங்க தொறந்துக்கறோம்” என்றார் முந்திரி உடைக்கும் அம்மாள்.

கறுத்த விரல்களால் அவரே திருகினார். முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிந்த தண்ணீர். குடங்கள் முட்டிக்கொண்டன, குழந்தைகள் நனைந்தார்கள், யாரோ யாரையோ திட்டினார்கள். எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, கடைசிக் குடம் நிறையும் வரை ஓரமாக நின்றார்.

திரும்பும் வழியில் எனக்கு அழுகை முட்டியது. இத்தனை ஆண்டு அலைந்தவரைக் குழாயைத் தொடக்கூட விடவில்லை. “ஒரு நன்றிகூடச் சொல்லலியே பெரியப்பா” என்றேன். மொபெட்டின் கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்த அன்று, கழுத்து நிறைய மாலையோடு கடைவீதியில் ஊர்வலம் வந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுத்தெருவில் அவமானப்பட்ட மனிதருக்கு என்ன சிரிப்பு என்று, அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.